மேயர் கையில் பள்ளிகள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில், நியூயார்க் நகரத்து அரசுப் பள்ளிகளின் தலைமை நிர்வாகியை மேயரே நியமிக்கிறார் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தோம். அதைத் தொட்டு வந்த கடிதங்களே அதிகம் என்பதால் இந்த இதழின் பகுதி முழுவதும் அதற்கே.

நகரத்துப் பள்ளிகளை நகரத்தின் மேயர் நிர்வகிப்பதில் என்ன அதிசயம்? வேறு யார் நிர்வகிப்பார்கள்?
(திருநெல்வேலி வாசகர்)

அமெரிக்காவில் அது அதிசயம்தான். அங்கே பள்ளிகளை நடத்துவது பெரும்பாலும் நகராட்சி அல்ல. பள்ளி மாவட்டம் என்ற தனி அமைப்பு. நாடு முழுவதும் சுமார் 13,000 பள்ளி மாவட்டங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு வாரியம் உண்டு. பெரும்பாலான இடங்களில் அதன் உறுப்பினர்களை மக்கள் நேரடியாக வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். வாரியம் ஒரு சூப்பரின்டெண்டென்டை, அதாவது தலைமை நிர்வாகியை, வேலைக்கு அமர்த்துகிறது. பல மாவட்டங்களுக்குச் சொத்து வரி விதிக்கும் அதிகாரமும் உண்டு. ஒரு காலத்தில் வட்டாரக் கட்சிப் பிரமுகர்கள் ஆசிரியர் வேலைகளைத் தங்கள் ஆட்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்து வந்ததால், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இருந்த சீர்திருத்தக்காரர்கள் பள்ளிகளை நகர அரசியலிலிருந்து வேண்டுமென்றே விலக்கி வைத்தார்கள்.

அந்த நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டில் காற்று திரும்பியது. பாஸ்டனில் 1992 முதல் நியமன வாரியம் வந்தது. சிகாகோ 1995இலும், கிளீவ்லாந்து 1998இலும், நியூயார்க் 2002இலும், தலைநகர் வாஷிங்டன் 2007இலும் தங்கள் பள்ளிகளை மேயரிடம் ஒப்படைத்தன. இன்னொன்றையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அந்நாட்டில் கல்வி மாநிலங்களின் பொறுப்பு. ஆகவே மேயர் இந்த அதிகாரத்தைத் தானாக எடுத்துக்கொள்ள முடியாது, மாநிலச் சட்டமன்றம்தான் தர வேண்டும். லாஸ் ஏஞ்சலீஸ் மேயர் ஆன்டோனியோ வியராய்கோசாவுக்குக் கலிபோர்னியா சட்டமன்றம் 2006இல் அதில் ஒரு பங்கைத் தந்தது. ஆனால் அது மாநில அரசியலமைப்புக்கு முரணானது என்று நீதிமன்றம் அந்தச் சட்டத்தையே தள்ளுபடி செய்துவிட்டது.

வாரியத்தைக் கலைத்துவிட்டு எல்லாவற்றையும் ஒரே மனிதரிடம் கொடுப்பது சனநாயகத்துக்கு எதிரானதல்லவா? நியூயார்க் மக்கள் அதை எப்படி ஒப்புக்கொண்டார்கள்?
(கோவில்பட்டி வாசகர்)

முன்பு இருந்த ஏற்பாடு எவ்வளவு சனநாயகமாக இருந்தது என்பதைப் பார்த்தால் இந்தக் கேள்வி கொஞ்சம் சிக்கலாகிவிடும்.

1968இல் நியூயார்க் நகரத்தின் ஒரு பகுதியான புரூக்ளினின் ஓஷன் ஹில்-பிரவுன்ஸ்வில் வட்டாரத்தில், பெரும்பாலும் கறுப்பினப் பெற்றோர் இருந்த பகுதியில், பள்ளி நிர்வாகத்தை வட்டாரக் குழுவிடம் விட்டுப் பார்த்தார்கள். அந்தக் குழு சில ஆசிரியர்களை வெளியேற்ற முற்பட்டது. ஆல்பர்ட் ஷாங்கர் தலைமையிலான ஆசிரியர் சங்கம் அந்த இலையுதிர்காலத்தில் மூன்று முறை வேலைநிறுத்தம் செய்தது; மொத்தம் 36 பள்ளி நாட்கள் பறிபோயின. பெரும்பாலும் யூதர்களான ஆசிரியர்களுக்கும் கறுப்பினப் பெற்றோருக்கும் இடையில் அப்போது ஏற்பட்ட கசப்பு பல ஆண்டுகள் நீடித்தது. அதற்குச் சமரசமாக 1969இல் வந்த சட்டம் நகரத்தை வட்டாரங்களாகப் பிரித்தது. பின்னாளில் 32 ஆக இருந்த வட்டார வாரியங்கள் தொடக்க, நடுநிலைப் பள்ளிகளைப் பார்த்துக்கொண்டன. உயர்நிலைப் பள்ளிகள் மத்திய வாரியத்திடமே இருந்தன. அந்த மத்திய வாரியத்தில் 7 பேர். நகரத்தின் ஐந்து பெரும் பிரிவுகளான பெருவட்டங்களின் தலைவர்கள் ஆளுக்கு ஒருவரையும் மேயர் இருவரையும் நியமித்தார்கள்.

இதன் விளைவைப் பாருங்கள். பள்ளியின் நிலை மோசமாக இருக்கிறதே என்று ஒரு தாய் கேட்டால், வாரியத்தில் என் ஆட்கள் இருவர்தானே என்று மேயர் சொல்லலாம்; மேயர் நிதியை வெட்டிவிட்டார் என்று வாரியம் சொல்லலாம்; தலைமையாசிரியரை நியமித்தது வட்டார வாரியம் என்று நகரப் பள்ளிகளின் தலைமை நிர்வாகியான சான்சலர் கைகாட்டலாம். மூன்றும் உண்மையாகவே இருக்கும். வட்டார வாரியத் தேர்தல்களிலோ பத்தில் ஒருவர்கூட வாக்களிக்கவில்லை. ஏழ்மையான வட்டாரங்கள் சிலவற்றில் வேலைகள் வேண்டியவர்களுக்கே போயின, பணத்துக்கும் விற்கப்பட்டன. அதனால் 1996இலேயே மாநிலச் சட்டமன்றம் வட்டார வாரியங்களின் நியமன அதிகாரத்தைப் பெருமளவு குறைத்துவிட்டது. ஆகவே 2002இல் மக்கள் கையிலிருந்து பிடுங்கி மேயர் கையில் கொடுத்தார்கள் என்று சொன்னால் அது பாதி உண்மைதான். மத்திய வாரியத்தை மக்கள் ஒருபோதும் தேர்ந்தெடுத்ததில்லை; தேர்ந்தெடுக்க முடிந்த வட்டார வாரியங்களை அவர்கள் ஏறக்குறைய கைவிட்டிருந்தார்கள்.

மைக்கேல் புளூம்பெர்க் மேயராகப் பதவியேற்ற ஆறே மாதத்தில், 2002 ஜூனில், ஆல்பனியில் உள்ள மாநிலச் சட்டமன்றம் புதிய சட்டத்தை நிறைவேற்றியது. சான்சலரை மேயர் நியமிப்பார். பழைய வாரியத்துக்குப் பதிலாக 13 பேர் கொண்ட கல்விக் கொள்கைக் குழு இருக்கும். அதில் 8 பேர் மேயரின் ஆட்கள். ஆசிரியர் சங்கமும் அப்போது குறுக்கே நிற்கவில்லை. அதே மாதம் கையெழுத்தான ஒப்பந்தத்தில் ஆசிரியர் சம்பளம் 16 முதல் 22 சதவீதம் வரை உயர்ந்தது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். பிறகு புளூம்பெர்க் கல்வித் துறையின் தலைமையகத்தை புரூக்ளினின் லிவிங்ஸ்டன் தெருவிலிருந்து நகர மன்றத்துக்குப் பின்னால் உள்ள ட்வீட் நீதிமன்றக் கட்டடத்துக்கு மாற்றினார். ஊழலுக்குப் பேர்போன பத்தொன்பதாம் நூற்றாண்டு அரசியல்வாதி பாஸ் ட்வீட் கட்டிய கட்டடம் அது. 1871இல் கல்வி வாரியத்தைக் கலைத்துப் பள்ளிகளை மேயர் நியமிக்கும் ஆட்களிடம் ஒப்படைக்கச் செய்தவரும் அதே ட்வீட்தான். இடத்தைத் தேர்ந்தவர்களுக்கு நகர வரலாறு தெரியாதா, தெரிந்தும் அலட்டிக்கொள்ளவில்லையா என்று நான் யோசித்ததுண்டு.

மேயரே நியமிக்கும் குழு மேயரை எதிர்த்து எப்போதாவது வாக்களிக்குமா?
(வேலூர் வாசகர்)

வாக்களிக்க முற்பட்டவர்களுக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். மூன்றாம் வகுப்புத் தேர்வில் மிகக் கீழான நிலையில் மதிப்பெண் பெறும் குழந்தைகளை அதே வகுப்பில் நிறுத்திவைப்பது என்று புளூம்பெர்க் முடிவு செய்தார். 2004 மார்ச் 15 அன்று மாலை குழு கூடி வாக்களிக்க இருந்தது. தீர்மானம் தோற்றுவிடும் போலிருந்தது. வாக்கெடுப்புக்குச் சற்று முன்பு மேயர் தான் நியமித்த இரண்டு உறுப்பினர்களை நீக்கி வேறு இருவரைப் போட்டார். ஸ்டேட்டன் தீவின் பெருவட்டத் தலைவரும் தன் உறுப்பினரை மாற்றிவிட்டார். தீர்மானம் 8க்கு 5 என்று நிறைவேறியது. கூட்ட அரங்கில் பெற்றோர் கூச்சலிட்டார்கள். மேயர் அதற்கு வெட்கப்படவில்லை. அவர்கள் என் பிரதிநிதிகள், என் கொள்கைக்கு வாக்களிக்கத்தான் அங்கே இருக்கிறார்கள் என்பது அவர் தரப்பு. சட்டத்தின்படி அவர் சொன்னதில் பிழையும் இல்லை.

குழந்தைகளை நிறுத்திவைப்பது சரியா தவறா என்பது வேறு விவாதம். கற்றலைப் பற்றிய ஒரு முடிவு, அறிவார்ந்த தயக்கம் உள்ளவர்கள் அறையிலிருந்து அகற்றப்பட்ட பிறகு எடுக்கப்பட்டது என்பதுதான் என்னை உறுத்துகிறது. அதன் பிறகு குழுவில் இருந்தவர்கள் என்ன பாடம் கற்றிருப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை. 2010 ஜனவரியில் 19 பள்ளிகளை மூடும் தீர்மானம் வந்தபோது, புரூக்ளின் டெக் உயர்நிலைப் பள்ளி அரங்கில் பெற்றோரும் மாணவர்களும் ஆசிரியர்களும் நள்ளிரவு தாண்டியும் ஒருவர்பின் ஒருவராக ஒலிபெருக்கி முன் வந்து மன்றாடினார்கள். எல்லாரையும் பேசவிட்டு, விடிவதற்குள் எல்லாப் பள்ளிகளையும் மூடுவதென்று குழு வாக்களித்தது. சட்டம் கோரும் நடைமுறைகளைச் சரிவரப் பின்பற்றவில்லை என்று சொல்லி இரண்டு மாதத்தில் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. குழுவுக்குள் கிடைக்காத செவி நீதிமன்றத்தில் கிடைத்தது.

சுற்றிவளைக்காமல் சொல்லுங்கள்: மேயரிடம் போன பிறகு மாணவர்கள் நன்றாகப் படித்தார்களா இல்லையா?
(பள்ளி ஆசிரியர் ஒருவர், விருத்தாசலம்)

சில இடங்களில் படித்தார்கள். மேயர்தான் அதற்குக் காரணமா என்பதை நிறுவுவது கடினம்.

2009இல் நியூயார்க் நகரத்தில் கணக்கில் 82 சதவீத மாணவர்களும் ஆங்கிலத்தில் 69 சதவீதத்தினரும் மாநிலத் தேர்வில் தேறினார்கள் என்று அறிவித்தார்கள். அந்த ஆண்டு மேயர் தேர்தல் ஆண்டு. இந்த எண்கள் மேடைதோறும் ஒலித்தன. கேள்விகள் ஆண்டுக்கு ஆண்டு ஒரே அச்சில் வந்துகொண்டிருந்ததால் தேர்வு எளிதாகிவிட்டது என்று ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினார்கள்; மாநிலம் மறு ஆண்டே தேர்ச்சிக்குரிய மதிப்பெண்ணை உயர்த்தியது. 2010இல் கணக்கில் 54, ஆங்கிலத்தில் 42 என்று விழுந்தது. குழந்தைகள் ஓராண்டில் மக்காகிவிடவில்லை. தேர்வு முடிவே தன் சாதனைப் பட்டியல் என்று ஒருவர் சொல்லிக்கொள்ளும்போது, அந்த முடிவு ஊதிப்போயிருக்கிறதா என்று சோதிக்கும் ஆர்வம் அவரது நிர்வாகத்தில் எவருக்கும் இருக்காது.

ஆனால் எல்லாமே வெறும் தோற்றம் என்று ஒதுக்குபவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. நான்கு ஆண்டில் உயர்நிலைப் பள்ளியை முடித்தவர்கள் 2005இல் பாதிக்கும் குறைவு. புளூம்பெர்க் காலத்தின் இறுதியில் 60 சதவீதத்தைத் தாண்டிவிட்டார்கள். அதில் தேர்ச்சி விதிகளின் நெகிழ்வுக்கும் பங்கு உண்டு என்று குறை சொல்வோர் உண்டு. இருந்தாலும், பெரிய உயர்நிலைப் பள்ளிகளை மூடிவிட்டு அவற்றின் இடத்தில் தொடங்கிய சிறிய பள்ளிகளை எம்டிஆர்சி என்ற ஆய்வு நிறுவனம் சோதித்தது. குலுக்கலில் அங்கே இடம் கிடைத்தவர்களையும் கிடைக்காதவர்களையும் ஒப்பிட்டது அந்த ஆய்வு. இடம் கிடைத்தவர்கள் கூடுதலாகப் பள்ளிப்படிப்பை முடித்தார்கள். குலுக்கல் என்பதால் நல்ல மாணவர்களைப் பொறுக்கிச் சேர்த்தார்கள் என்ற வாதம் இங்கே செல்லாது. அத்தனை பள்ளிகளை அத்தனை வேகத்தில் பழைய 7 பேர் வாரியம் திறந்திருக்குமா என்றால், திறந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

நகரங்களை அருகருகே வைத்துப் பார்த்தால் படம் மங்கிவிடுகிறது. தேசிய அளவிலான தேர்வில் வாஷிங்டன் நன்றாக முன்னேறியது. கிளீவ்லாந்தோ மேயரின் கீழ் இருந்தும் பெருநகரங்களின் வரிசையில் கடைசிக்குப் பக்கத்திலேயே இருந்தது. முன்வரிசையில் அடிக்கடி நிற்கும் சார்லட், ஆஸ்டின் இரண்டிலும் மக்கள் தேர்ந்தெடுத்த வாரியங்கள்தான்.

சென்னை மாநகராட்சிக்கும் பள்ளிகள் இருக்கின்றனவே. அவை மேயரின் பள்ளிகள்தானே?
(சென்னை வாசகர்)

பெயரில் மட்டும். நகராட்சி நினைத்தால் பள்ளியில் என்ன செய்ய முடியும் என்பதற்கு நம்மிடம் பழைய உதாரணம் உண்டு: 1920இல் சர் பிட்டி தியாகராயர் மன்றத் தலைவராக இருந்தபோது, ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்கு மதிய உணவு தொடங்கியது சென்னை மாநகராட்சிதான், மேயர் என்ற பதவியே 1933இல்தான் வந்தது. ஆனால் இன்று நிர்வாக அதிகாரம் மாநில அரசு நியமிக்கும் ஆணையரிடம் இருக்கிறது; பாடத்திட்டமும் பொதுத்தேர்வும் மாநிலத்துடையவை. நியூயார்க் மேயர் சான்சலரை நியமிப்பது போல நம் மேயர் எவரையும் நியமிக்க முடியாது. ஒப்பிடுவதற்கு இதற்கு மேல் சரக்கு இல்லை.

சிகாகோ 1995இலேயே பள்ளிகளை மேயரிடம் கொடுத்துவிட்டது என்றீர்கள். அங்கேயே இதைக் கைவிட்டுவிட்டார்கள் என்று படித்தேனே?
(கும்பகோணம் வாசகர்)

சரியாகத்தான் படித்திருக்கிறீர்கள். இந்த முறையின் பலமும் பலவீனமும் ஒருசேரத் தெரிவது சிகாகோவில்தான்.

நாட்டிலேயே மோசமான பள்ளிகள் என்று 1987இல் மத்தியக் கல்விச் செயலரே சிகாகோவைப் பழித்தார். மறு ஆண்டு மாநிலம் அதிகாரத்தைக் கீழே தள்ளியது: ஒவ்வொரு பள்ளிக்கும் பெற்றோர் பெரும்பான்மையாக உள்ள ஒரு கவுன்சில், தலைமையாசிரியரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அதற்கு. அது போதவில்லை என்று 1995இல் மேலே தள்ளியது: வாரியத்தையும் தலைமை நிர்வாகியையும் மேயர் ரிச்சர்ட் எம். டேலியே நியமிக்கலாம். அவர் நகரத்தின் பட்ஜெட்டைப் பார்த்துக்கொண்டிருந்த பால் வாலஸைப் பள்ளிகளுக்கு அனுப்பினார். கணக்குகள் சீராயின, பள்ளிக் கட்டடங்கள் எழுந்தன, சில ஆண்டுகளுக்கு வேலைநிறுத்தமும் இல்லை. வாலஸுக்குப் பின் வந்த ஆர்ன் டங்கனை ஒபாமா 2009இல் நாட்டின் கல்விச் செயலராக்கினார். மேயர்கள் பள்ளிகளைக் கையில் எடுக்க வேண்டும் என்று டங்கன் வெளிப்படையாகவே ஊக்குவித்தார்.

டேலிக்குப் பின் ராம் இமானுவேல் வந்தார். 2012 செப்டம்பரில் ஆசிரியர்கள் கால் நூற்றாண்டுக்குப் பிறகு வேலைநிறுத்தம் செய்தார்கள். 2013 மே மாதம், மாணவர் குறைவு என்ற காரணம் காட்டி ஏறக்குறைய 50 பள்ளிகளை மூட வாரியம் முடிவெடுத்தது; அதில் இடம்பெயர்ந்த குழந்தைகள் பெரும்பாலும் கறுப்பினத்தவர். நகரின் தெற்கிலும் மேற்கிலும் மக்கள்தொகை குறைந்திருந்தது உண்மை; தேர்ந்தெடுக்கப்பட்ட வாரியம் இருந்திருந்தாலும் சில பள்ளிகளை மூடியாக வேண்டியிருந்திருக்கும். ஆனால் தங்கள் பள்ளி போவதைத் தடுக்க வாக்களிக்க எவரும் இல்லை என்பதை அந்த வட்டாரங்கள் ஒரே நாளில் உணர்ந்தன. பள்ளிகளை மூடிய தலைமை நிர்வாகி பார்பரா பைர்ட்-பெனட், சுமார் 2 கோடி டாலர் ஒப்பந்தத்தைப் போட்டியே இல்லாமல் தன் பழைய முதலாளிகளின் நிறுவனத்துக்குத் திருப்பிவிட்ட வழக்கில் 2015இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு பின்னர் சிறை சென்றார். பழைய வாரியங்கள் ஊழல்மயமானவை என்று சொல்லித்தான் மேயரிடம் கொடுத்தார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள். சில்லறை ஊழல் போய் மொத்த ஊழல் வந்தது.

2021இல் இல்லினாய் மாநிலம் மக்கள் தேர்ந்தெடுக்கும் 21 பேர் கொண்ட பள்ளி வாரியத்துக்குச் சட்டம் செய்தது. 2024 நவம்பரில் முதல் 10 பேரை மக்கள் தேர்ந்தெடுத்தார்கள். 2027 முதல் அனைவரும் தேர்தலில்தான் வருவார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், ஆசிரியர் சங்க ஊழியராக இருந்து இத்தகைய வாரியத்துக்காகப் போராடிய பிராண்டன் ஜான்சனே மேயராகி, கையிலிருந்த அதிகாரத்தின் கடைசி மாதங்களை முழுதாகப் பயன்படுத்தினார். பற்றாக்குறையை 30 கோடி டாலர் கடன் வாங்கி அடைக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். தலைமை நிர்வாகி மறுத்தார். 2024 அக்டோபரில் வாரியமே மொத்தமாக ராஜினாமா செய்தது. மேயர் போட்ட புதிய வாரியம் டிசம்பரில் நிர்வாகியை நீக்கியது. அதிகாரம் கையில் இருக்கும்வரை அது யாருக்கும் கசப்பதில்லை போலும்.

உங்கள் இடத்தில் நானிருந்தால் இரண்டு பக்கமும் சொல்லி நழுவிவிடுவேன். நீங்கள் ஒரு பக்கம் சாய்வீர்களா?
(மதுரை வாசகர்)

சாய்கிறேன். ஒரு நகரத்தின் பள்ளி நிர்வாகம் யாருக்கும் பொறுப்பில்லாமல் உளுத்துப்போயிருந்தால், அதை உலுக்குவதற்கு மேயரின் கை உதவும். பட்ஜெட், காவல், சுகாதாரம், போக்குவரத்து எல்லாம் தன்னிடம் உள்ள ஒருவர் பள்ளியையும் அவற்றோடு இணைக்க முடியும். நியூயார்க்கில் மேயர் பில் டி பிளாசியோ 2014இல் பதவிக்கு வந்த முதல் ஆண்டிலேயே 4 வயதுக் குழந்தைகளுக்கான இலவச முழுநாள் வகுப்புகளை நகரம் முழுவதும் விரிவாக்கத் தொடங்கியது இதற்கு நல்ல சான்று. பல துறைகள் ஒரே உத்தரவில் அசைந்தன.

ஆனால் இந்த ஏற்பாடு, யாரைக் கேட்பது என்ற கேள்விக்குத்தான் விடை தருகிறது. எப்படிக் கற்பிப்பது என்பதற்கு அதனிடம் விடை இல்லை. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டதுதான் அமெரிக்காவில் நடந்த தவறு. கேட்பதற்கு ஓர் ஆள் கிடைத்தாலும் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை, போக்குவரத்தும் குப்பையும் குற்றங்களும் கலந்து போடும் ஒரே வாக்கில்தான் கேட்க முடியும். அந்த இடைவெளியில் மேயரிடம் 'முடியாது' என்று சொல்லக்கூடிய ஓர் அமைப்பு வேண்டும். மேயர் பெரும்பான்மையை நியமிக்கட்டும், ஆனால் நியமித்த பிறகு அவர்களைத் தூக்கக்கூடாது. நியூயார்க் சட்டமன்றம் 2022இல் குழுவை விரிவாக்கி, எதிர்த்து வாக்களித்தார் என்பதற்காக எந்த உறுப்பினரையும் நீக்கக்கூடாது என்று விதித்தது. 2004இல் நடந்ததைத் தடுக்க 18 ஆண்டுகள் ஆயின என்றாலும், இந்தச் சிறு திருத்தத்தை, மக்கள் தேர்ந்தெடுக்கும் வாரியத்துக்கே திரும்புவதைவிட நல்ல வழியாக நான் கருதுகிறேன். பத்தில் ஒருவர் வாக்களிக்கும் தேர்தலில் வெல்வது பெற்றோர் அல்லர்; ஆள்பலமும் பணபலமும் உள்ள சங்கமோ குழுவோதான் வெல்லும்.

ஆல்பனி இந்த அதிகாரத்தை நிரந்தரமாகக் கொடுக்காமல் தவணை போட்டுக் கொடுப்பதும் நல்லதே. 2009இல் மாநில செனட்டின் குழப்பத்தில் சட்டம் காலாவதியாகி, சில வாரங்களுக்குப் பழைய 7 பேர் வாரியம் மீண்டும் உயிர்பெற்ற கூத்தும் நடந்தது. 2024இல் இரண்டே ஆண்டுகளுக்கு, 2026 ஜூன் 30 வரை நீட்டித்தார்கள். மேயருக்கு எரிச்சலாக இருக்கும், இருக்கட்டும்.

மேயர் தோற்றுவிட்டால் பள்ளிக்கூடமும் தலைகீழாக மாறிவிடுமா?
(கல்லூரி மாணவி ஒருவர், நாகர்கோவில்)

பெரும்பாலும் ஆம். புளூம்பெர்க் காலத்தில் ஒவ்வொரு பள்ளிக்கும் ஏ முதல் எஃப் வரை தரம் போட்டு வெளியிட்டார்கள். டி பிளாசியோ வந்ததும் அது ஒழிந்தது. புளூம்பெர்க் பின்தங்கிய பள்ளிகளை மூடினார். டி பிளாசியோ அவற்றுக்குப் பணம் கொட்டிக் காப்பாற்ற ஒரு திட்டம் தொடங்கினார். ஏறக்குறைய 77 கோடி டாலர் செலவான பின், எதிர்பார்த்த பலன் இல்லை என்று 2019இல் அதையும் கைவிட்டார்கள்.

வாஷிங்டன் இதற்கு விலக்கு. மேயர் ஏட்ரியன் ஃபென்டி 2007இல் மிஷெல் ரீயைச் சான்சலராக்கினார். 2010 ஜூலையில் ரீ 200க்கும் மேற்பட்ட ஆசிரியர்களை ஒரே அறிவிப்பில் வேலையிலிருந்து நீக்கினார். அவர்களில் பெரும்பாலோர் புதிய மதிப்பீட்டு முறையில் தேறாதவர்கள். அந்த இலையுதிர்காலத்தில் ஃபென்டி சொந்தக் கட்சியின் வேட்பாளர் தேர்விலேயே தோற்றார், ரீயும் விலகினார். ஆனால் வெற்றி பெற்ற வின்சென்ட் கிரே, ரீயின் துணையாக இருந்த காயா ஹெண்டர்சனையே அந்த இடத்தில் அமர்த்தினார். அதே மதிப்பீட்டு முறை தொடர்ந்தது, திறமையான ஆசிரியர்களுக்குக் கூடுதல் சம்பளமும் தொடர்ந்தது. ஹெண்டர்சன் 2016 வரை இருந்தார். தேசியத் தேர்வில் வாஷிங்டன் தொடர்ந்து முன்னேறியது அவருடைய ஆண்டுகளில்தான்.